வி-மெயில் தாளில் காதல் கடிதம்: எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் நின்றது

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போன அமெரிக்கப் படைவீரனுக்கு ஊரிலிருந்து மனைவி ஒரு முழுத்தாளில் எழுதிய கடிதம், அவன் கைக்கு வரும்போது 4¼ அங்குல அகலமும் 5¼ அங்குல உயரமும் கொண்ட ஒளிப்படமாகச் சுருங்கியிருக்கும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அவள் தொட்ட காகிதம் அவனிடம் வருவதே இல்லை. வி-மெயில் என்ற தபால் சேவையைக் காதல் கடிதத்துக்கு ஏற்றதா என்று எடைபோடப் புகுந்தால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேவை ஓடியது 1942 ஜூன் 15 முதல் 1945 நவம்பர் 1 வரை. பெயரில் உள்ள 'வி' விக்டரி, அதாவது வெற்றி. யோசனை அமெரிக்காவினுடையதல்ல. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி பிரிட்டனுக்கு அடைபட்டது. எகிப்தில் இருந்த படையினரின் கடிதங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் அலைந்தன. விமானத்திலோ எடைக்கு இடமில்லை. அதனால் கோடக் நிறுவனத்தின் நுண்படக் கருவியைக் கொண்டு கடிதங்களைப் படமெடுத்து, சுருளை மட்டும் பறக்கவிடும் ஏர்கிராஃப் சேவையை 1941 ஏப்ரலில் பிரிட்டன் தொடங்கியது. அமெரிக்கா அதே முறையை எடுத்துப் பெரிய அளவில் நடத்தியது.

கணக்கு இதுதான். ஒற்றைப் பக்கக் கடிதங்கள் 1,50,000 என்றால் சாதாரணமாக 37 தபால் மூட்டைகள், 2,575 பவுண்டு எடை. அதையே 16 மில்லிமீட்டர் சுருளில் ஏற்றினால் ஒரே மூட்டை, 45 பவுண்டு. மிச்சமான இடத்தில் மருந்தும் உதிரிபாகங்களும் போகலாம். கப்பலில் ஒரு மாதம் வரை இழுத்த கடிதம் 12 நாளிலோ அதற்கு முன்போ கைக்கு வந்தது. வேகத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். பிரிந்திருப்பவர்களுக்கு வேகம் சின்ன விஷயமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தால், இறங்கிப்போன காய்ச்சலுக்காக அவன் அங்கே இரவெல்லாம் விழித்திருப்பான்.

படிவம் அஞ்சலகத்தில் இலவசமாகக் கிடைத்தது. நம் இன்லேண்ட் லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடிதம், மடித்து ஓரத்துக் கோந்தை நனைத்து ஒட்டினால் அதுவே உறை. படைவீரருக்குத் தபால்தலை வேண்டாம். ஊரிலிருப்பவர் சாதாரணக் கடிதத்துக்கான 3 சென்ட் தலை ஒட்ட வேண்டும். உள்நாட்டில் நியூயார்க், சிகாகோ, சான்ஃபிரான்சிஸ்கோ ஆகிய மூன்று ஊர்களில் நிலையங்கள். அங்கே தாளைப் பிரித்து, விரித்து, கருவிக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் படமெடுப்பார்கள். சுருள் பறந்து போய் அடுத்த நிலையத்தில் இறங்கும். அங்கே நீளமான ஒளிப்படத் தாளில் பெரிதாக்கி, வெட்டி, மடித்து, சன்னல் வைத்த சின்ன உறைக்குள் போடுவார்கள். உறையின் மேல் யாரும் முகவரி எழுதுவதில்லை. கடிதத் தாளின் தலைப்பில் அவள் எழுதிய முகவரியே சன்னல் வழியாகத் தெரியும்.

முகவரிக் கட்டத்தின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பிரித்துப் பிரித்து, அச்செழுத்துப் போல எழுதச் சொல்லிப் படிவமே கேட்டது. தட்டச்சு, அடர்ந்த மை, அடர்ந்த பென்சில் மூன்றில் ஒன்று. மங்கலான எழுத்தும் பொடி எழுத்தும் படமெடுக்க ஏற்றவையல்ல என்றும் அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். இதை அசட்டை செய்தவர்களின் கடிதங்கள்தான் இன்று பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாமல் கிடக்கின்றன. எழுத்தின் உயரம் படத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதமாகிவிடும். 4 மில்லிமீட்டருக்கு எழுதினால் சுமார் 2.4 மில்லிமீட்டராக வரும், படிக்கலாம். இடம் போதவில்லை என்று 2 மில்லிமீட்டருக்கு நெருக்கி எழுதினால் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். கூடார விளக்கில் அதை யார் படிப்பது? வெளிர்நீல மையில் எழுதினால் மெல்லிய கோடுகள் படத்தில் அப்படியே காணாமல் போகும்.

இன்னொரு தவறு, ஓரத்தில் எழுதுவது. கடிதம் முடிகிற நேரத்தில்தான் சொல்ல வேண்டியது நினைவுக்கு வரும். தாளைத் திருப்பிப் பக்கவாட்டில் நாலு வரி சேர்ப்பது எல்லா நாட்டுக் காதலர்க்கும் உள்ள பழக்கம். வி-மெயிலில் கட்டத்துக்கு வெளியே போன வரிக்கு உத்தரவாதம் இல்லை. கடைசி இரண்டு அங்குலத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்து எழுதுவதே இதற்கு ஒரே வழி.

இரண்டு பக்கம் வேண்டுமென்றால் இரண்டு படிவம். ஒவ்வொன்றும் தனிக் கடிதமாகவே பயணம் செய்யும். முதல் தாள் ஒரு நாளும் இரண்டாம் தாள் வேறொரு நாளும் வரலாம், வரிசை மாறியும் வரலாம். அதனால் தேதி மட்டும் போதாது. கடிதத்துக்கு ஒரு தொடர் எண், அதற்குள் பக்க எண், இரண்டையும் எழுத்துப் பகுதிக்குள்ளேயே போட வேண்டும். எண் போட்டு எழுதிய தம்பதியருக்கு ஒரு கூடுதல் வசதியும் இருந்தது. '41 வந்தது, 42 வரவில்லை, 43 வந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பதில் வராததற்குக் காரணம் கோபமா தபாலா என்ற குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

இனி இந்தச் சேவை கைவிட்ட இடங்கள்.

உள்ளே எதையும் வைக்க முடியாது. காய்ந்த பூ, தலைமுடி இழை, செய்தித்தாள் துண்டு எதற்கும் இடமில்லை. வாசனைத் தைலம் தடவி அனுப்பினால் அந்த மணம் நிலையத்தோடு நின்றுவிடும். உதட்டுச் சாய முத்தம் இவை எல்லாவற்றையும் விட மோசம். சாயம் மெழுகுப் பதத்தில் இருப்பதால் தாளை உள்ளிழுக்கும் பகுதியில் ஒட்டிக்கொண்டு கருவியையே அழுக்காக்கியது. இதற்கு 'சிவப்புக் கொள்ளைநோய்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு நிலையத்தில் இருந்தவர்கள் அவதிப்பட்டார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் அந்த முத்தம் ஒரு கருந்திட்டாகத்தான் போய்ச் சேரும். தகப்பன் கடல் கடந்த பின் பிறந்த குழந்தையின் படத்தைப் படிவத்திலேயே ஒட்டி அனுப்ப அனுமதி இருந்தது. அந்தச் சலுகையை யோசித்தவர்கள் நல்ல மனம் உள்ளவர்கள்.

உறையின் ஒட்டும் மடிப்பில் 'எஸ்.டபிள்யூ.ஏ.கே.', அதாவது முத்தமிட்டு ஒட்டியது, என்று எழுதும் வழக்கத்துக்கும் இங்கே வேலையில்லை. அவன் பிரிக்கும் உறை அரசாங்கத்தின் உறை. அவள் ஒட்டிய மடிப்பை வழியில் யாரோ பிரித்தாகிவிட்டது.

மனதுக்கு மிகவும் கனமான விஷயம் மூலத்தாளின் கதி. படம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை அசல் கடிதங்களை நிலையத்தில் வைத்திருப்பார்கள். விமானம் விழுந்து சுருள் போனால் மறுபடி படமெடுத்து அனுப்பலாம். தகவல் வந்ததும் அசலை அழித்துவிடுவார்கள். ஒரே ஏற்பாட்டுக்கு இரண்டு முகம். கப்பலோடு மூழ்கிய சாதாரணக் கடிதம் போனது போனதுதான். வி-மெயிலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் கண்ணீர் பட்டுக் கரைந்த மை, பேனா அழுத்தியதில் தாளின் பின்புறம் எழும்பிய தடம், காப்பிக் கோப்பையின் ஈரவட்டம், இவையெல்லாம் அசலோடு போய்விட்டன. விரலால் தடவினால் வழவழவென்று எல்லா எழுத்தும் ஒரே மட்டம்.

மக்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள். அரசு எவ்வளவோ விளம்பரம் செய்தும் 1944இல் கடற்படையினருக்கு வந்த வி-மெயில் 3.8 கோடி, சாதாரண முதல்வகுப்புக் கடிதங்களோ 27.2 கோடிக்கு மேல். படத்தை விடக் காகிதமே வேண்டும் என்று பெரும்பாலோர் தபால்தலையோடு வாக்களித்திருக்கிறார்கள். என் தீர்ப்பும் அதற்கு அருகில்தான். தினசரிக்கு வி-மெயில் நல்லது. பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் தாமதமானாலும் உறையிட்ட கடிதமே நல்லது.

தினசரிக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தணிக்கை.

வீரனின் கடிதத்தை அவனுடைய பிரிவின் அதிகாரியே முதலில் படிப்பார். காலையில் அணிவகுப்பில் முன்னால் நிற்கிற அதே லெஃப்டினன்ட், மாலையில் அவன் மனைவிக்கு எழுதியதைப் படித்துக் கையெழுத்திட்டு, படிவத்தின் மேல்மூலையில் அதற்கென இருந்த வட்டத்தில் முத்திரை இடுவார். அப்புறம்தான் படமெடுப்பு. இடத்தின் பெயர், படைப்பிரிவின் பலம், எங்கே புறப்படுகிறோம், எத்தனை பேர் அடிபட்டார்கள், இவை எழுதக் கூடாதவை. எழுதினால் அந்த வரி கருமையில் மூழ்கும். வெளிநாடு போகும் வரும் தபாலைக் கவனிக்க 1941 டிசம்பரில் தனித் தணிக்கை அலுவலகமே அமைத்திருந்தார்கள். முத்தத்துக்கு அடையாளமாக வரிசையாகப் போடும் எக்ஸ் குறிகள்கூடச் சங்கேதமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு ஆளாயின. அதிகாரி படிக்க வேண்டாம் என்று நினைக்கிற சொந்த விஷயம் இருந்தால் வீரனுக்கு நீல உறை என்ற ஒரு வழி உண்டு. அதைப் பிரிவில் பிரிக்க மாட்டார்கள், மேல்நிலைத் தணிக்கையில் பார்ப்பார்கள். ஆனால் அது உறையிட்ட கடிதம், படச்சுருளில் போகாது.

ஆக, போரைப் பற்றி எழுத முடியாது. மிகவும் நெருக்கமானதை எழுதக் கூச்சம் தடுக்கிறது. மிச்சம் இருப்பது அன்றாடம். வி-மெயிலின் நல்ல காதல் கடிதங்கள் எல்லாம் இந்த மிச்சத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் 1942 மே முதல் சர்க்கரைக்குப் பங்கீடு, தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் அரை பவுண்டு. அந்த நவம்பர் கடைசியில் காப்பித்தூளுக்கும் வந்தது, ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. 1943 பிப்ரவரியில் செருப்பு, வருடத்துக்கு மூன்று ஜோடி. மூன்று வாரச் சர்க்கரையைச் சேர்த்து வைத்து அவனுக்குப் பிடித்த கேக்கைச் செய்து, அவன் உட்காரும் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டேன் என்று எழுதினால், அன்பு என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் வர வேண்டியதில்லை. எந்தத் தணிக்கையாளரும் அதில் கை வைக்க மாட்டார். காலுறை கிடைக்காமல் கெண்டைக்காலின் பின்புறம் புருவப் பென்சிலால் தையல்கோடு வரைந்துகொண்டேன், உன் தங்கை வரைந்ததில் கோடு கோணலாகிவிட்டது என்று எழுதலாம். அவன் கண்ணுக்கு அந்தக் கால் தெரிந்துவிடும்.

அவன் பக்கத்திலிருந்தும் அப்படியே. எந்த ஊர் என்று சொல்ல முடியாது. இரும்புத் தொப்பியை உள்தொப்பியிலிருந்து கழற்றி அதில் வெந்நீர் ஊற்றிக் காலுறை துவைத்ததைச் சொல்லலாம். டப்பா உணவில் இன்றும் இறைச்சியும் பீன்ஸும்தான் என்று அலுத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையைச் சொல்லலாம். இடம் தெரியாவிட்டாலும் திசை அவளுக்குத் தெரியும். இராணுவ அஞ்சல் எண்ணுக்குக் கீழே நியூயார்க் அஞ்சல் அதிகாரி வழியாக என்றிருந்தால் பெரும்பாலும் ஐரோப்பா பக்கம், சான்ஃபிரான்சிஸ்கோ என்றிருந்தால் பசிபிக் பக்கம்.

ஒரு தாளில் இடம் குறைவு என்பது இங்கே உதவியாகவே முடிகிறது. அந்தப் பரப்பில் ஒரு வாரத்தை அடக்கப் பார்த்தால் பட்டியலாகிவிடும். 'திங்களன்று சந்தைக்குப் போனேன், செவ்வாயன்று மழை' என்பது கடிதமாகாது. ஒரு நாளில் ஒரு காட்சி, அதை முழுசாகச் சொல்லி, கடைசியில் அவன் கடிதத்துக்குப் பதிலாக இரண்டு வரி. இந்த அளவுக்குத் தாள் சரியாகப் போதும். நீண்ட விளக்கம் கேட்கும் பணத் தகராறு, மாமியார் வீட்டுச் சண்டை போன்றவற்றை வி-மெயிலில் எழுதவே கூடாது. பாதிதான் சொல்ல முடியும்; பாதி சொன்ன சண்டையை அவன் பன்னிரண்டு நாள் தள்ளிப் படித்து, பதில் வர இன்னொரு பன்னிரண்டு நாள் ஆகும்.

மற்றப் போர்க்காலச் சேவைகளோடு வைத்துப் பார்த்தால் வி-மெயிலின் இடம் இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் ஏர்கிராஃப் முறை ஏறத்தாழ ஒன்றேதான். படைவீரருக்கு 3 பென்னி, மற்றவர்க்கு 8 பென்னி. இந்தியாவுக்கும் அந்தச் சேவை நீண்டது. முதல் உலகப் போரின் களப்பணி அஞ்சலட்டையோ காதலுக்கு ஆகவே ஆகாது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்', 'உன்னிடமிருந்து நெடுநாளாகக் கடிதம் இல்லை' என்று வரிகள் அச்சிலேயே இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போடலாம். ஒரு சொல் கூடுதலாக எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை. உயிரோடு இருக்கிறான் என்பதற்குக் கையெழுத்துச் சாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பெரிய தாக்குதல் நடந்த வாரத்தில் அந்த ஒற்றை வரிக்காகவே வீடுகள் வாசலைப் பார்த்துக் கிடந்தன.

காகிதத்தையே கையில் சேர்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சோவியத் வீரர்களின் முக்கோணக் கடிதம். உறை இல்லை, தபால்தலை இல்லை, கோந்தும் இல்லை. நோட்டுப் புத்தகத் தாளை நெட்டுவாக்கில் வைத்து, வலது மேல்மூலையை இடது ஓரத்தோடு பொருந்த மடிக்க வேண்டும். பிறகு மேலே நிற்கும் கூர்முனையை அந்த மடிப்புக்கோட்டின் வலது முனைக்குக் கொண்டுவந்து மடித்தால், குடிசைக் கூரையும் கீழே சுவரும் போல ஒரு வடிவம் வரும். சுவரின் இரண்டு மூலைகளையும் உள்பக்கம் மடித்து, அந்தப் பட்டையைக் கூரைக்குள் இருக்கும் இடைவெளியில் செருகிவிட்டால் முடிந்தது. ஒட்டாமல் விடுவதால் தணிக்கையாளர் பிரித்துப் படித்து மறுபடி செருகலாம். 'இராணுவத் தணிக்கை பார்த்தது' என்ற முத்திரையோடு போய்ச் சேரும். மெதுவாகத்தான் வரும், ஆனால் அவன் மடித்த மடிப்பைப் பிரிப்பது அவள் விரல்தான். வி-மெயிலால் கடைசிவரை தர முடியாமல் போனது இதைத்தான்.

பழைய பெட்டியிலோ சேகரிப்பாளர் சந்தையிலோ வி-மெயில் கிடைத்தால் முதலில் அளவைப் பாருங்கள். முழுத்தாள் அளவில், கோந்து ஓரமும் மடிப்புக் கோடுகளும் இருந்தால் அது படமெடுக்கப்படாமல் அப்படியே போன அசல். படமெடுக்கும் வசதி இல்லாத இடங்களுக்கு அப்படி அனுப்பியதுண்டு. அதில்தான் பேனாத் தடமும் மையின் நிறமும் இருக்கும். சின்ன அளவில் இருந்தால் ஒளிப்படம். சன்னல் உறையும் சேர்ந்திருந்தால் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள், ஆனால் படத்தை ஒவ்வொரு முறையும் உறையிலிருந்து உருவிச் செருகாதீர்கள். எழுபது எண்பது வருட மடிப்பு அங்கேதான் வெடிக்கும்.

லேமினேஷன் செய்யவே கூடாது, ஒட்டுநாடாவும் கூடாது. பிவிசி உறையில் வைத்தால் அது நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ போதும். வெயிலும் ஈரமும் படாத அலமாரி. நம் ஊர் மழைக்காலத்தில் சுவரோரம் வைக்காமல் இருந்தால் நல்லது. சுருண்டிருந்தால் அழுத்தி நிமிர்த்தாமல் சில நாள் தட்டையான பலகைகளுக்கு நடுவே இலேசான கனத்தில் விடுங்கள். ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி போதாது, எழுத்து ஏற்கெனவே சுருங்கியது. 600க்குக் குறையாமல் வைத்து வண்ணத்திலேயே எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கடிதத்தில் உள்ள தேதியோடு, எழுதியவர் போட்ட தொடர் எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து வையுங்கள். தனியே கிடக்கும் இரண்டாம் பக்கத்துக்கு முதல் பக்கம் அதே பெட்டியின் அடியில் இருக்கலாம்.